வீட்டிலேயே எழுத்தும் ஒலியும்: மும்பைத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டுக்குள் தமிழ், லிஃப்டில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும். மாட்டுங்கா, செம்பூர், தாராவி, வடாளா என்று எந்தப் பக்கம் இருந்தாலும் நம் பிள்ளைகள் வளர்வது இப்படித்தான். பகலில் மழலையர் வகுப்பிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பதால், வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில் பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான்கிலிருந்து ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது.

ஃபோனிக்ஸ் என்று பள்ளியில் சொல்கிறார்களே, அது என்ன? நாங்கள் ஏபிசிடி மனப்பாடம் செய்துதானே படித்தோம்?

ஆங்கிலத்தை அப்படிப் படித்தோம். தமிழை அப்படிப் படிக்கவில்லை. 'க் + அ = க, க் + ஆ = கா' என்று ராகம் போட்டுச் சொன்னது நினைவிருக்கிறதா? அதுதான் ஃபோனிக்ஸ். எழுத்துக்கு ஓர் ஒலி, இரண்டு ஒலியைச் சேர்த்தால் ஒரு சொல்லின் துண்டு. புதிதாக எதுவும் இல்லை, நாம் அதை ஆங்கிலத்துக்குப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. 'டபிள்யூ' என்ற பெயரில் 'வ்' என்ற ஒலியே இல்லை. 'ஹெச்' என்ற பெயரை வைத்து 'ஹேட்' என்ற தொப்பியை வாசிக்க முடியாது. அதனால் முதலில் ஒலி, பெயர் பிறகு. எழுத்துப் பாட்டு பாடினால் தப்பில்லை, ஆனால் பாட்டு பாடத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம்.

இங்கே தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு: புள்ளி. பல வீடியோக்களில் 'பென்' என்ற சொல்லை 'ப… எ… ன' என்று பிரித்துச் சொல்கிறார்கள். அதைச் சேர்த்தால் 'பஎன' என்றுதான் வரும், பிள்ளை விழிக்கும். நீங்கள் புள்ளி வைத்துச் சொல்லுங்கள்: ப், எ, ன். உதட்டை மூடித் திறந்தால் போதும், பின்னால் 'அ' ஒட்டக் கூடாது. புள்ளி வைத்த எழுத்தை நாக்கில் பழகிய நமக்கு இது ஒரு நிமிட வேலை.

26 எழுத்துகளையும் வரிசையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். ஃபோனிக்ஸ் பாடத்திட்டங்கள் பலவற்றில் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்துகள்தான் முதலில் வரும். இந்த ஆறை வைத்தே 'சிட்', 'பின்', 'டேப்', 'நேப்' என்று நிறையச் சொற்கள் கட்டலாம். ஏ முதல் இஸட் வரை முடித்த பிறகுதான் சொல் என்றால் பிள்ளைக்கு அலுத்துவிடும்.

இன்னொன்று. சிறிய எழுத்துகளில் தொடங்குங்கள். புத்தகத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் அவைதான். கடையில் விற்கும் காந்த எழுத்துகள் பல சமயம் பெரிய எழுத்துகளாகவே இருக்கின்றன. தண்ணீர் பாட்டில் மூடிகளைச் சேர்த்து வைத்து, மார்க்கரால் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

தமிழ், ஆங்கிலம், மராத்தி, இந்தி எல்லாம் ஒரே நேரத்தில் என்றால் குழம்பிவிடாதா?

பேச்சில் குழம்புவதில்லை. நம் பிள்ளைகள் வெங்காயத்தை வீட்டில் வெங்காயம் என்றும் காய்க்காரரிடம் 'காந்தா' என்றும் தாமாகவே மாற்றிச் சொல்கிறார்கள். எழுத்தில் கொஞ்சம் முந்திப் பிந்தி வரும், அது இயல்பு. மகாராஷ்டிராவில் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம் என்பதால், தேவநாகரி எப்படியும் வந்துவிடும். மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்புகள் உண்டு. அங்கே படிக்காத பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

ஒலிகளைச் சேர்த்து வாசிக்கும் திறமை ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால், அடுத்த மொழிக்கு அது கூடவே வரும். எந்த மொழியில் முதலில் என்பதைவிட, ஒரே உட்காரலில் இரண்டு லிபியைக் கலக்காமல் இருப்பதுதான் முக்கியம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது ஆங்கிலம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தமிழ் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் நீட்டினால் விளையாட்டு டியூஷன் ஆகிவிடும்.

காகிதம், பென்சில் இல்லாமல் என்ன செய்யலாம்?

முதல் சில மாதங்களுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். காது தயாரான பிறகுதான் கண்ணுக்கு வேலை.

சமையலறையில் நிற்கும்போது, 'நான் ஒரு பொருளை நினைச்சிருக்கேன், அது 'ம்' என்று ஆரம்பிக்கும்' என்று சொல்லுங்கள். மிளகா, மஞ்சளா, மோரா என்று பிள்ளை தேடட்டும். மி, ம, மோ எல்லாவற்றிலும் ஒளிந்திருப்பது ஒரே 'ம்' என்று அதுவாகவே கண்டுபிடிக்கும் தருணம் வரும். அங்கே அவசரப்பட்டு விளக்கம் சொல்லாதீர்கள். அதே விளையாட்டில் ஆங்கிலச் சொல்லும் வரலாம்: 'மிக்ஸி', 'மில்க்'. ஒலிக்கு மொழி இல்லை.

காய் நறுக்கும்போது கைதட்டல். தக்-கா-ளி, மூன்று தட்டு. வெண்-டைக்-காய், மூன்று. பூண்-டு, இரண்டு. 'முருங்கைக்காய்க்கு எத்தனை?' என்று கேட்டால் வீடே தட்டிப் பார்க்கும். சொல்லைத் துண்டாக்கத் தெரிந்தால்தான் பின்னால் 'ஸ்பெல்லிங்' எழுதும்போது நடு எழுத்துகள் விழுந்துபோகாது.

கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு 'வெட்டிப் போடு' விளையாட்டு. 'ஸ்டாப்' என்ற சொல்லில் முதல் ஒலியை வெட்டினால்? 'டாப்'. 'பட்டம்' என்ற சொல்லில் 'ப'வை எடுத்து 'வ' போட்டால்? 'வட்டம்'. 'க' போட்டால் 'கட்டம்', 'ம' போட்டால் 'மட்டம்'. லோக்கலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை ஆடலாம். காசு செலவில்லை, சத்தமும் பிளாட்பாரத்தில் யாருக்கும் கேட்காது.

அதே பிளாட்பாரத்தில் இண்டிகேட்டரைக் காட்டுங்கள். 'எஸ்' இருந்தால் ஸ்லோ, 'எஃப்' இருந்தால் ஃபாஸ்ட். அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்து 'ஃப்… ஃபாஸ்ட்!' என்று கத்துகிற பிள்ளை, எழுத்தும் ஒலியும் ஒட்டிக்கொள்வதை வண்டி வருவதற்குள் கற்றுக்கொண்டுவிட்டது.

எங்கள் வீட்டில் பகல் முழுக்க ஆச்சிதான் இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் உதவ முடியுமா?

தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிக் குடும்பங்களில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். உங்கள் வீட்டில் இருக்கும் சிறந்த ஃபோனிக்ஸ் டீச்சர் ஆச்சிதான். மேலே சொன்ன விளையாட்டுகள் எதற்கும் ஆங்கிலம் வேண்டாம், எழுத்தே வேண்டாம். விடுகதை, 'கடலோரத்துல உரல் உருளுது' போன்ற நாக்குப் பிறழும் வாக்கியங்கள், ஒரே ஒலியில் முடியும் சொற்களை அடுக்குவது எல்லாம் ஆச்சிக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிள்ளைக்கு 'ர'வையும் 'ல'வையும் காது பிரித்துக் கேட்டால், அது ஆங்கிலத்திலும் உதவும்.

ஆச்சி பேசுவது கொச்சைத் தமிழ் என்று பிள்ளை முன்னால் திருத்துகிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

சொல்லில் எத்தனை ஒலி என்று எண்ணுவதற்கு ஏதாவது விளையாட்டு உண்டா?

பரணில் பல்லாங்குழி இருக்கிறதா? இறக்குங்கள். இல்லாவிட்டால் இட்லித் தட்டு போதும்.

ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லிக்கொண்டே, ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு சோழியையோ புளியங்கொட்டையையோ ஒரு குழியில் போட வேண்டும். 'கப்' என்றால் க், அ, ப், மூன்று குழி. 'ஷிப்' என்றால்? ஆங்கிலத்தில் எழுதினால் நான்கு எழுத்து. ஆனால் ஒலி மூன்றுதான்: ஷ், இ, ப். எஸ்ஸும் ஹெச்சும் சேர்ந்து ஒரே குழியில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு எழுத்து ஓர் ஒலி தரும் என்பதை வாயால் விளக்குவது கடினம், குழியில் போட்டுக் காட்டினால் புரிந்துவிடும். சோழி போட்டுப் பழகியதும், சோழிக்குப் பதிலாகப் பாட்டில் மூடி எழுத்துகளைப் போடுங்கள். அப்போது எழுத்துக் கூட்டுவது தானாகத் தொடங்கியிருக்கும்.

கட்டம் போட்டுக் காய் நகர்த்தும் இந்த முறையைச் சோவியத் உளவியலாளர் டேனியல் எல்கோனின் உருவாக்கினார். அவர் காகிதத்தில் கட்டம் வரைந்தார். நம் வீட்டில் மரத்திலேயே குழி இருக்கிறது.

ஆங்கிலத்தில் மொத்தம் ஏறத்தாழ 44 ஒலிகள், எழுத்துகளோ 26. ஸ்பெல்லிங் தொல்லையில் பாதி இந்தப் பற்றாக்குறையால் வருவதுதான்.

'பேட்'டில் வரும் 'பி'யையும் 'டாக்'கில் வரும் 'டி'யையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். என்ன செய்வது?

ஏழு வயது வரைக்கும் இது சாதாரணம். ஒரு டம்ளரை இடப்பக்கம் திருப்பினாலும் வலப்பக்கம் திருப்பினாலும் டம்ளர்தான். உலகத்தில் எல்லாமே அப்படித்தான், எழுத்து மட்டும் திரும்பினால் வேறாகிவிடுகிறது. பிள்ளைக்கு இது அநியாயமாகத்தான் படும்.

தோசைக்கல்லில் காட்டிவிடலாம். கொஞ்சம் கெட்டியான மாவைக் கரண்டியால் சின்ன 'பி' வடிவில் ஊற்றுங்கள், ஒரு நேர்கோடு, வலப்பக்கம் ஒரு வயிறு. வெந்ததும் பக்கவாட்டில் திருப்பிப் போட்டால் அது 'டி'. மேலிருந்து கீழாகப் புரட்டினால் 'பென்'னில் வரும் 'பி'. ஒரே தோசை! 'இப்ப இது என்ன எழுத்து?' என்று கேட்டுவிட்டுத் தின்னக் கொடுங்கள். கல்லுக்குப் பக்கத்தில் பிள்ளை வர வேண்டாம், ஸ்டூல் போட்டு ஓரமாக உட்காரட்டும்.

எழுதும்போது நினைவுக்கு ஒரு வழி: 'பி'க்கு முதலில் கோடு, பிறகு வயிறு. 'டி'க்கு முதலில் வட்டம், பிறகு கோடு. கையின் ஓட்டம் வேறு வேறாக இருந்தால் குழப்பம் குறையும். இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

தமிழ் நாக்கால் ஆங்கில ஸ்பெல்லிங்கில் தடுமாற்றம் வருமா?

வரும், ஆனால் எங்கே வரும் என்று முன்பே தெரியும் என்பதால் சமாளிக்கலாம். மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, கடைசி 'உ'. நாம் 'பஸ்ஸு வந்துச்சு', 'கேக்கு வேணும்' என்று பேசுகிறோம். அதைக் கேட்டு வளரும் பிள்ளை 'பஸ்' என்று எழுதும்போதும் கடைசியில் ஒரு 'யு' போடும். பேச்சை மாற்ற வேண்டியதில்லை. விளையாடும்போது மட்டும் 'கடைசி ஒலி எது?' என்று கேளுங்கள். பாம்பு மாதிரி 'பஸ்ஸ்ஸ்' என்று நீட்டினால் 'உ' காணாமல் போய்விடும்.

இரண்டு, 'பென்'னும் 'பேன்'னும். எழுதும் பேனாவையும் சமைக்கும் பேனையும் பிரிக்கும் அந்த வாய் அகன்ற உயிரொலி தமிழில் இல்லை. அதனால்தான் தமிழில் எழுதும்போது பூனையும் வாசற்கதவும் ஒன்றாகவே 'கேட்' ஆகிவிடுகின்றன. முகவாய்க்குக் கீழே கையை வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பேனாவுக்குத் தாடை கொஞ்சமாக இறங்கும், தோசை வார்க்கும் பேனுக்கு நன்றாக இறங்கும். கண்ணாடி முன்னால் நின்று செய்தால் சிரிப்பும் வரும், ஒலியும் வரும்.

மூன்று, 'வி'யும் 'டபிள்யூ'வும். நமக்கு இரண்டும் 'வ'. 'வேன்' என்று சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். 'வாட்டர்' என்று சொல்லும்போது உதடு குவிய வேண்டும்.

ஆங்கிலத்தின் அழுத்தமான 'ப'வும் மென்மையான 'ப'வும் எப்போதுமே குழம்பும் என்று சிலர் பயப்படுவார்கள். பந்துக்கான 'பால்' எழுத்தையும் பேனா எழுத்தையும் மும்பைப் பிள்ளைகள் அவ்வளவாகக் குழப்புவதில்லை. தேவநாகரியில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து படித்துவிடுகிறார்கள்.

தேவநாகரி படித்த பிள்ளை, தமிழில் ஒரே ஒரு 'க' தானா என்று கேட்கிறான்!

நல்ல கேள்வி. 'கடல்', 'நகம்', 'தங்கம்' மூன்றிலும் 'க' ஒன்றுதான், ஒலி வேறு. எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதற்கு நாக்குக்கே விதி தெரியும். சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் அழுத்தமாக: கடல், பக்கம். நடுவில் தனியாக வந்தாலோ, மெல்லின எழுத்துக்குப் பின்னால் வந்தாலோ மென்மையாக: நகம், தங்கம், வண்டி, பந்து.

இதற்கு நம் ஊர்ப் பெயர்களே பாடம். 'மும்பை' என்ற சொல்லில் 'ம்' வந்த பிறகு 'பை' தானாக மென்மையாகிறது. 'மாட்டுங்கா' என்று ஏன் 'ட்'டை இரட்டித்து எழுதுகிறோம்? ஒற்றை 'டு' போட்டால் மென்மையாகப் போய்விடும், ஊர்க்காரர்கள் சொல்வது அழுத்தமான 'டு'. பிள்ளையிடம் இரண்டையும் எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். 'தாதர்' மாதிரி முதல் எழுத்தே மென்மையாக ஒலிக்கும் வெளிமொழிப் பெயர்கள் விதிக்கு வெளியே நிற்கும். 'அது விருந்தாளிச் சொல்' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

ல, ள, ழ மூன்றும் வருவதே இல்லை. மும்பையில் வளர்ந்தால் இப்படித்தானா?

மும்பையில் வளர்ந்ததால் 'ள' எளிது, தெரியுமா? மராத்தியில் அந்த ஒலி இருக்கிறது. பள்ளிக்கூடம் 'ஷாளா', வாழைப்பழம் 'கேளி'. நம் வடாளா ஸ்டேஷனின் பெயரே 'ள'வோடுதான். பைகுலா என்று ஆங்கிலத்தில் எழுதும் ஊரை மராத்தியில் 'பாய்களா' என்பார்கள். பள்ளியில் மராத்தி சொல்லும்போது பிள்ளை தயங்காமல் சொல்லும் அதே 'ள'வைத் தமிழுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நாக்கு எங்கே போகிறது என்பதைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. 'ல'வுக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். 'ள'வுக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு மடியும், ஆனால் தொடாது. 'தொட்டா ள, தொடாட்டி ழ' என்பதை என் வகுப்புப் பிள்ளைகள் பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள்.

ஸ்பெல்லிங்குக்குப் படம் வரைந்த அட்டைகள். புலி, புளி. பல்லி, பள்ளி. கிளி, கிழி. வலி, வழி. 'சாம்பாரில் புலி போடலாமா?' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் மறக்காது. பொருள் மாறிப் போவது சிரிப்பாக இருக்கும்வரை எழுத்து நினைவில் நிற்கும். 'ழ' ஆறு வயதில் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம், தமிழ்நாட்டிலேயே பெரியவர்கள் பலருக்கு வருவதில்லை.

ன, ண, ந எது எங்கே வரும் என்று எனக்கே சந்தேகம். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இது ஒலியால் மட்டும் தீராது, கொஞ்சம் விதி வேண்டும். நல்ல வேளையாகத் தமிழில் விதிகள் எளிமையானவை.

தமிழ்ச் சொல்லின் முதலில் வருவது எப்போதும் 'ந': நாய், நரி, நிலா. இரண்டு சுழியும் மூன்று சுழியும் முதலில் வராது. சொல்லின் நடுவில் ஜோடியைப் பாருங்கள். 'ட'வுக்கு முன்னால் மூன்று சுழி 'ண்': வண்டி, நண்டு. 'ற'வுக்கு முன்னால் இரண்டு சுழி 'ன்': கன்று, நன்றி. 'த'வுக்கு முன்னால் 'ந்': பந்து, சந்தை. 'நன்றி'யில் சின்ன 'ரி'யா பெரிய 'றி'யா என்ற சந்தேகமும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. 'ன்'னுக்குப் பக்கத்தில் என்றால் பெரிய 'ற'தான்.

இதை அட்டை விளையாட்டாக ஆடலாம். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி 12 சதுரங்கள் செய்யுங்கள். ஆறில் ங், ஞ், ண், ந், ம், ன். மற்ற ஆறில் க, ச, ட, த, ப, ற. கவிழ்த்து வைத்து, இரண்டு இரண்டாகத் திறக்க வேண்டும். ங்–க, ஞ்–ச, ண்–ட, ந்–த, ம்–ப, ன்–ற என்று ஜோடி சேர்ந்தால், அந்த ஜோடி வரும் ஒரு சொல்லைச் சொன்ன பிறகுதான் அட்டை சொந்தம். 'ஞ்ச' கிடைத்ததும் 'பஞ்சு, மஞ்சள், இஞ்சி' என்று சண்டை வரும். ஆறு ஜோடிக்குள் தமிழ் எழுத்துப் பிழைகளில் ஒரு பெரும் பங்கு அடங்கிவிடுகிறது.

மனம்–மணம், பனி–பணி போன்றவற்றுக்கு விதி இல்லை, வாசித்து வாசித்துத்தான் வரும்.

247 எழுத்து என்றதும் மலைப்பாக இருக்கிறதே?

உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-ம் இவற்றின் சேர்க்கை. அடையாளங்கள் தெரிந்தால் போதும்: கால், கொம்பு, சுழி. 'கு, சு, து' வரிசையும் 'கூ, சூ, தூ' வரிசையும்தான் ஒழுங்கில்லாமல் முரண்டு பிடிக்கும், அவற்றைத் தனியாகப் பழக வேண்டும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது என்பதும் பிள்ளைகளை இடறிவிடும். 'கெ'யை எழுதும்போது, 'கொம்பு முன்னால போய் நின்னு வழி காட்டும், பேசறது க்-தான் முதல்ல' என்று சொல்லிப் பாருங்கள்.

தொடங்குவதற்கு ட, ப, ம, ய. பெரும்பாலும் நேர்கோடுகள். 'ம்', 'ட்' இரண்டைச் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரமே சொல் வாசிக்கலாம்.

வெள்ளிக்கிழமை டிக்டேஷனுக்குப் பத்துச் சொல் கொடுக்கிறார்கள். பத்து முறை எழுதவைத்தால் போதுமா?

கை வலிக்கும், அவ்வளவுதான். பத்தாவது தடவை எழுதும்போது மனம் வேறு எங்கோ இருக்கும்.

முதலில் பட்டியலைப் பிரியுங்கள். ஒலித்துப் பார்த்தால் வந்துவிடும் சொற்கள் ஒரு பக்கம். ஒரு விதிக்குள் அடங்குபவை இன்னொரு பக்கம். குறில் ஒலிக்குப் பின்னால் கடைசியில் 'க்' வந்தால் சி, கே இரண்டும் சேரும்: வாத்தின் 'டக்', முதுகின் 'பேக்'. கடைசியில் ஒரு 'ஈ' வந்து நின்றால் தான் பேசாமல், முன்னால் இருக்கும் உயிரைத் தன் பெயரைச் சொல்லவைக்கும்: தொப்பிக்கான 'கேப்' சூப்பர்மேன் போர்வையான 'கேய்ப்' ஆகும், 'கிட்' காற்றாடியான 'கைட்' ஆகும். ஒரு அட்டையில் 'ஈ' எழுதி, சொற்களின் வாலில் வைத்தும் எடுத்தும் காட்டினால் பிள்ளைகள் அதை மந்திரக்கோல் மாதிரி வீசுவார்கள்.

எதற்கும் அடங்காத சொற்கள் இரண்டோ மூன்றோ மிஞ்சும், 'செட்' என்று ஒலிக்கும் 'சொன்னாள்' மாதிரி. அதிலும் முழுச் சொல்லும் முரண்டு பிடிப்பதில்லை. எஸ்ஸும் டியும் ஒழுங்காகத்தான் நிற்கின்றன, நடுவில் இருக்கும் ஏ, ஐ மட்டுமே தொல்லை. அந்த இரண்டை மட்டும் சிவப்பில் எழுதுங்கள். பிறகு பார், சொல், மூடு, எழுது, திறந்து சரிபார். சரிபார்ப்பது பிள்ளைதான், நீங்கள் இல்லை.

மளிகை லிஸ்ட் எழுதச் சொன்னால் எல்லாம் தப்பும் தவறுமாக எழுதுகிறான். திருத்தலாமா?

'பால்' என்பதைப் 'பல்' என்று எழுதியிருந்தால், கடைக்குப் போய் 'ஒரு பாக்கெட் பல் குடுங்க' என்று வாசித்துக் காட்டுங்கள். சிரித்துவிட்டு அவனே கால் போடுவான். ஒலித்ததை எழுத முயன்றிருக்கிறான் என்றால் பாதை சரி. ஒரு லிஸ்ட்டில் ஒரு திருத்தம் போதும். அவன் எழுதிய லிஸ்ட்டைக் கடைக்கு எடுத்துப்போய் அதைப் பார்த்தே வாங்குங்கள், அது முக்கியம்.

ஒரு பெட்ரூம் வீடு, மழைக்காலத்தில் வெளியேயும் போக முடியாது. இடம் வேண்டாமா?

நான்கு டைல்ஸ் போதும். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஓர் எழுத்து எழுதிப் பாண்டி ஆடலாம். ஒலியைச் சொன்னால் அதன்மேல் குதிக்க வேண்டும், கீழ்வீட்டுக்காரர் மத்தியானம் தூங்குகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விஜயதசமியில் நெல்லிலோ அரிசியிலோ விரலால் எழுதவைக்கிறோமே, அதை வருடம் முழுவதும் செய்யலாம். தட்டில் ரவையைப் பரப்பினால் போதும். பென்சில் பிடிக்க விரலில் வலு வருவதற்கு முன்னால் இதுதான் நல்ல வழி. சப்பாத்தி மாவில் எழுத்து உருட்டலாம். கணபதி நேரத்தில் வீட்டில் பிள்ளையார் செய்ய ஷாடு மண் வாங்கினால், மிச்சத்தை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். அதில் செய்த 'ழ' உடையாமல் காய்ந்தால் பெரிய சாதனை.

மொபைல் ஆப் நல்லதா?

பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தால் பரவாயில்லை. சமைக்கும்போது கையில் கொடுத்துவிட்டுப் போனால் அது கார்ட்டூனுக்குச் சமம். ஆப்பில் 'ப' என்று 'அ' ஒட்டிச் சொல்கிறார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு செய்தும் வரவில்லை என்றால்?

முதலில் காது, கண் இரண்டையும் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதடைக்கும் பிள்ளைக்கு 'ப்'பும் 'ம்'மும் ஒன்றாகவே கேட்கலாம்.

முதல் வகுப்பு முடிந்து, ஏழு வயதையும் தாண்டிய பிறகும் எளிய சொற்களைக் கூட்டி வாசிக்க முடியவில்லை, நேற்றுப் படித்த எழுத்து இன்று புதிதாகத் தெரிகிறது, பேசும்போது படு சூட்டிகை, புத்தகத்தைத் திறந்தால் வயிற்று வலி என்றெல்லாம் இருந்தால், 'சோம்பேறி' என்று சொல்வதை நிறுத்திவிட்டு ஆலோசனை கேளுங்கள். டிஸ்லெக்சியாவாக, அதாவது வாசிப்பதைப் பாதிக்கும் கற்றல் குறைபாடாக, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பரிசோதித்தால்தான் தெரியும். சயானில் உள்ள லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டுக்கான பிரிவு இருக்கிறது. மகாராஷ்டிரா டிஸ்லெக்சியா சங்கமும் மும்பையில்தான் இயங்குகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருப்பதால், தேர்வுச் சலுகைகளுக்கும் வழி உண்டு. பரிசோதனையின்போது வீட்டில் தமிழ் பேசுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆங்கிலம் பழகாததால் வரும் தடுமாற்றம் வேறு, இது வேறு.

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால், காரணம் கேளுங்கள். வீட்டு மொழியால் டிஸ்லெக்சியா வருவதில்லை.

மே மாத லீவில் ஊருக்குப் போகிறோம். அப்போது என்ன செய்யலாம்?

புத்தகத்தைப் பையில் வைக்காதீர்கள். ரயிலில் ஜன்னலோர சீட் போதும். புனே, சோலாப்பூர் வரை போர்டில் தேவநாகரி. ராய்ச்சூரில் கன்னடம். குண்டக்கல், ரேணிகுண்டாவில் தெலுங்கு. எல்லா போர்டிலும் ஆங்கிலமும் இருப்பதால், ஆங்கில எழுத்தை ஒலித்துக் கூட்டி ஊர்ப் பெயரை யார் முதலில் சொல்வது என்று போட்டி வைக்கலாம். அப்புறம் கன்னட, தெலுங்கு எழுத்துகளில் ஒரே மாதிரி இருப்பவை எவை என்று தேடச் சொல்லுங்கள், நிறையக் கிடைக்கும். அரக்கோணம் வந்தால் தமிழ் போர்டு. அங்கே சின்ன 'ர'வா பெரிய 'ற'வா, எத்தனை சுழி 'ண' என்று வண்டி நிற்பதற்குள் முன்கூட்டியே பந்தயம் கட்டிக்கொள்ளுங்கள். இட்லி வாங்கித் தருவது தோற்றவர் செலவு.